ஒரு ஸலவாத்தின் சூடு

அப்ப மாவில் போடும் உலர்ந்த ஈஸ்ட் மணி ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் மணல் துகள் போலத்தான் இருக்கும். அதற்குள் ஏறக்குறைய ஒரு கோடி உயிர்கள் உறங்குகின்றன. அவை செத்துப்போகவில்லை. தண்ணீர் இல்லாததால் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கின்றன. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் பத்து நிமிடத்தில் எழுந்து, சர்க்கரை எங்கே என்று தேடத் தொடங்கிவிடும். மட்டாஞ்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கே புதிதாகக் கேட்பது போல இருக்கும். ஒரு கண்ணாடிக் குப்பியில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் போட்டு, வாயில் பலூன் மாட்டி, அது உப்புவதைப் பிள்ளைகளோடு நானும் நின்று பார்ப்பேன்.

இரண்டு வருடமாக மட்டும் அந்தப் பாடத்தை ஒரே பீரியடில் முடித்துவிடுகிறேன். பலூன் கொண்டுபோவதில்லை. காரணம் பௌசியா மைனி.

பௌசியா என் அண்ணன் ஷமீலின் மனைவி. என்னைவிட மூன்று வயது மூத்தவள். சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டில் கீழே அவர்களும் மாடியில் நானும் என் கணவர் ஆஷிக்கும் இருந்தோம். எங்கள் ஆட்களுக்கு வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். மைனி பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தபோது சந்தில் யாரும் அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. 'பாலக்காட்டுக்காரி' என்றுதான் சொல்வார்கள். கடைக்குப் போனால் பாலக்காட்டுக்காரி, சாவு விழுந்த மையத்து வீட்டுக்குப் போனால் பாலக்காட்டுக்காரி. நான்கைந்து வருடம் அப்படியே போயிற்று.

அவளுக்குப் பெயர் கிடைத்தது அப்ப மாவால்.

எங்கள் சந்துகளில் உள்ள முப்பது நாற்பது குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹுக்கு முந்தின நாள், மைலாஞ்சி என்கிற மருதாணி இடும் சாயங்காலம், வந்தவர்களுக்குப் பாலப்பமும் இறைச்சி ஸ்டூவும் கொடுப்பார்கள். கல்லிலிருந்து எடுக்கும் முதல் அப்பத்தைத் தேங்காய்ப்பாலில் நனைத்து மணப்பெண்ணின் வாயில் வைப்பார்கள். வைப்பது தாயோ மாமியோ அல்ல, அன்றைக்கு மாவு கலந்த பெண். ஒரு தடவை வழக்கமாகக் கலக்கும் அம்மாளுக்குக் காய்ச்சல் வந்து, வேறு வழியில்லாமல் மைனியைக் கூப்பிட்டார்கள். அந்த அப்பம் நடுவில் பஞ்சாகவும் ஓரத்தில் வலைத்துணி போலவும் வந்தது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம், சந்தில் எந்தப் பெண்ணுக்கு மைலாஞ்சி என்றாலும் தேதி குறித்ததும் முதலில் மைனியிடம் வந்து சொல்வார்கள். யாரும் பாலக்காட்டுக்காரி என்று சொல்வதில்லை. 'நம்ம பௌசியா' ஆகிவிட்டாள்.

அவள் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். ஊறிய பச்சரிசியைத் தேங்காயும் கொஞ்சம் சோறும் சேர்த்து அரைப்பாள். தனியாக ரவையில் ஒரு கஞ்சி காய்ச்சுவாள். அந்தக் கஞ்சிதான் மாவைப் பிடித்து நிறுத்தும். கஞ்சி ஆறும்வரை காத்திருந்து, ஒரு சொட்டை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் விட்டு, கண்ணை மூடி ஒரு ஸலவாத்து சொல்வாள். நபியின் பேரில் வாழ்த்துச் சொல்லும் அந்த ஒரு வரி முடியும்போது, கையில் சூடும் தெரியக் கூடாது, தணுப்பும் தெரியக் கூடாது. தெரிந்தால் இன்னும் காத்திருப்பாள். தெரியாவிட்டால்தான் கஞ்சியும் ஈஸ்ட்டும் சர்க்கரையும் மாவில் சேரும். பிறகு பானையை மெல்லிய துணியால் மூடி விட்டுவிடுவாள்.

ஒரு நாள் பள்ளி லேபிலிருந்து தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் விட்டுப் பார்த்தேன். முப்பத்துமூன்று டிகிரி. எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். மணிக்கட்டுத் தோலின் சூடும் ஏறக்குறைய அதுதான். இரண்டும் ஒன்றாக இருப்பதால்தான் சூடும் தெரிவதில்லை, தணுப்பும் தெரிவதில்லை. அந்தக் கஞ்சியைக் குளிர்ந்த அரிசி மாவில் கலந்தால் மொத்தமும் முப்பதுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஈஸ்ட்டுக்குப் பெருகப் பிடித்த சூடு அதுதான். முப்பது டிகிரியில் ஒரு ஈஸ்ட் செல் மொட்டு விட்டு இரண்டாக ஒன்றரை மணி நேரம் போதும். நாலரை மணி நேரத்தில் ஒன்று எட்டாகும். இதையெல்லாம் அடுக்களையில் நின்று மைனிக்கு விளக்கினேன்.

"அப்படியா?" என்றாள். "சரி, அந்தத் தேங்காயை உடை."

அபூபக்கர் மாமாவின் மகள் அஃப்னாவுக்கு மைலாஞ்சி வந்தது இரண்டு வருடத்துக்கு முன், ஜூன் மாதத்தில். மாமாவுக்கு ஜூ டவுனில் சுக்கு, மிளகு கிட்டங்கி. சந்தில் பெரிய வீடு அவர்களுடையதுதான். அஃப்னா என்னிடம் படித்தவள். அதனால் நான் அன்றைக்குப் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே மைனியோடு போனேன். அவர்கள் வீட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஸ்டூ வைக்க இசக்கிமுத்து வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர். இருபது வருடமாகக் கொச்சியில் கல்யாணச் சமையல்.

முந்தின இரவே மழை பிடித்துவிட்டது. காலையில் கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மாவு அரைத்து முடிக்கப் பன்னிரண்டாகிவிட்டது. நான் பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் கொட்டகையின் சூட்டைப் பார்த்தேன். இருபத்தைந்து. முந்தின வாரம் சந்தில் முப்பத்துமூன்று இருந்தது.

இருபத்தைந்து டிகிரியில் ஈஸ்ட் சாகாது. ஆனால் சோம்பேறியாகிவிடும். ஒன்று இரண்டாக இரண்டரை மணி நேரம் எடுக்கும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். சாதாரண நாளில் நாலரை மணிக்கு ஆகிற மாவு, அன்றைக்கு ஏழரைக்குத்தான் ஆகும்.

அந்த நேரம் பார்த்து அஃப்னாவின் தாய் நபீசா மாமி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். "பௌசியா, வீடியோக்காரன் அஞ்சு மணிக்கு வரான். வெளிச்சம் போறதுக்கு முன்ன ஊட்டுறதை எடுக்கணுமாம். ஆகும்ல?"

"மழையாச்சே மாமி. கொஞ்சம் தாமசிக்கும்" என்றாள் மைனி. "ஏழரை மணிக்கு எடுத்தா என்ன, பொண்ணு எங்கயும் ஓடிப்போகப் போறாளா?"

"பொண்ணு ஓட மாட்டா. வீடியோக்காரன் ஓடிருவான். ஆறு மணிக்கு அவனுக்கு பள்ளுருத்தியில வேற கல்யாணமாம்" என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார்.

மைனி தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தாள். அவளுக்கு அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. எனக்குத்தான் கை பரபரத்தது. நிலைமை மாறியிருக்கிறது, நிலைமையை மாற்றினால் போயிற்று. வருடக்கணக்காகப் பாடத்தில் சொல்கிற விஷயம் கண் முன்னால் நிற்கிறது. சும்மா இருக்க முடியவில்லை.

மூலையில் இரண்டு பெரிய ஹாட் பாக்ஸ் இருந்தன. மறுநாள் பிரியாணிக்காக வாடகைக்கு எடுத்தவை. உள்ளே ஸ்டீல், வெளியே தடித்த பிளாஸ்டிக், மூடியைச் சுற்றி ரப்பர், நான்கு பக்கமும் கொக்கி. காலையில் வைத்த பிரியாணி மதியம்வரை ஆவி பறக்கும்.

"மைனி, மாவை இதுல ஊத்திருவோம். வெளித் தணுப்பு உள்ள போகாது."

இசக்கிமுத்து கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "என்ன டீச்சரம்மா, மாவுக்கு ஏசி ரூமா?"

"ஏசி இல்ல சேட்டா. கம்பளி."

"மாவு தூங்கிறப் போவுது, பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே பெட்டிகளைக் கழுவி இழுத்துவந்து வைத்தார்.

மைனி கஞ்சியிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மணிக்கட்டில் விட்டாள். ஸலவாத்து பாதி வருவதற்குள் கையை உதறினாள். "ஆறலை. அரை மணிக்கூர் போகட்டும்."

"ஆற வேண்டாம் மைனி. மாவு தணுத்துக் கிடக்கு. இந்தச் சூட்டோட ஊத்துனா சரியா நாற்பதுல வந்து நிக்கும். இங்க பாருங்க, பாக்கெட்லயே போட்டிருக்கான், நாற்பது டிகிரி." ஈஸ்ட் பாக்கெட்டைத் திருப்பி அந்த வரியைக் காட்டினேன். "சர்க்கரையும் ஈஸ்ட்டும் இன்னொரு மடங்கு போட்டா, நாலரைக்கு ரெடி."

மைனி பாக்கெட்டைப் பார்த்தாள். கையில் சிவந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள். அவளுக்குச் சம்மதமில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கஞ்சியை ஊற்றினோம். தெர்மாமீட்டர் நாற்பத்தொன்று காட்டியது. பரவாயில்லை என்றேன். நான்கு கொக்கிகளையும் நானே மாட்டினேன்.

என் தவறு எது என்று இப்போது சொல்கிறேன். பாக்கெட்டில் போட்டிருந்த நாற்பது டிகிரி, உலர்ந்து கிடக்கும் ஈஸ்ட்டைத் தண்ணீரில் எழுப்புவதற்கான சூடு. பத்து நிமிட வேலை. வளர்வதற்கான சூடு அது அல்ல. அது முப்பது. இந்த இரண்டையும் நான் ஒன்றாக நினைத்துவிட்டேன். நாற்பதில் ஈஸ்ட் பெருகாது. ஆனால் வேலை மட்டும் வெறி பிடித்ததுபோல் செய்யும். கிடைத்த சர்க்கரையை எல்லாம் தின்று, வாயுவாகவும் ஆல்கஹாலாகவும் மாற்றிக்கொண்டே இருக்கும். நான் சர்க்கரையை வேறு இரண்டு மடங்காக்கியிருந்தேன். அப்படி வேலை செய்யும்போது ஈஸ்ட்டின் உடம்பும் சூடு விடும். துணி மூடிய பானையாக இருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். கொக்கி போட்ட ஹாட் பாக்ஸில் எங்கே போகும்? நாற்பத்தொன்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து. புதுச் செல்லுக்கு மேல்சவ்வு கட்டக் கொஞ்சம் காற்று வேண்டும். ரப்பர் மூடி அதையும் தடுத்துவிட்டது. தன் சூட்டிலும் தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலும் தானே வெந்து சாகும் ஒரு கூட்டத்தை நான் மூடி வைத்திருந்தேன்.

பள்ளிப் பரீட்சையில் இது நான்கு மார்க் கேள்வி.

நாலரைக்கு மூடியைத் திறந்தோம். கொக்கியை எடுத்ததும் புஸ்ஸென்று காற்று போயிற்று. உள்ளே மாவு கீழே கிடந்தது, தண்ணீராக, மேலே அழுக்கு நுரையோடு. ஸ்டீல் சுவரில் மேலே ஒரு கோடு தெரிந்தது. அதுவரை பொங்கி, பிறகு அமுங்கியிருக்கிறது. வாசனை முகத்தில் அடித்தது.

இசக்கிமுத்து பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கினார். "யக்கா, கள்ளுக்கடை வாசம்லா அடிக்கி."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மூக்கு சொன்னதை வாய் சொல்லிவிட்டது. ஆனால் நபீசா மாமி வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், அப்பம் எடுப்பதைப் பார்க்க வந்த ஏழெட்டுப் பெண்கள். அதில் பாதிப் பேர் என் மாணவிகளின் தாய்மார்.

மாமி கிட்டே வந்து குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "பௌசியா, என்ன ஊத்துனே?"

"ஒண்ணும் ஊத்தலை மாமி. எப்பவும் போடுறதுதான்."

"எப்பவும் போடுறதுக்கு இந்த மணம் வருமா? தோப்பும்படி ரோஸி சேச்சி வீட்டு அப்பத்துக்கு இந்த மணம் உண்டு. அவங்க கள்ளு ஊத்துறாங்க. அவங்க வழக்கம் அது. நீ எதுக்கு ஊத்துனே? மழைன்னு பயந்துட்டியா?"

"அல்லாஹ்வாணை இல்லை மாமி."

"ஆணையெல்லாம் இடாதே. நாளைக்கு நிக்காஹ் நடக்கிற வீடு இது. ஹராமை எம்புள்ளை வாயில வைக்கப் பார்த்தியே."

மைனி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பதில் தெரிந்த பிள்ளை எப்படியும் கையைத் தூக்கும் என்று நம்பி அதன் பக்கம் திரும்புகிற டீச்சரின் பார்வை அது. எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாக நான் பார்க்கிற பார்வை.

விளக்கம் முழுவதும் என் மனதில் வரிசையாக நின்றது. ஈஸ்ட் எங்கே இருந்தாலும் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாக்கும். எல்லா அப்ப மாவிலும் அது உண்டு. கல்லில் ஊற்றியதும் ஆவியோடு போய்விடும். இன்றைக்குச் சூடு மிஞ்சியதால் அளவுக்கு மேல் உண்டாகிவிட்டது. கள்ளு எதுவும் யாரும் ஊற்றவில்லை. இதை அந்தப் பெண்களிடம் சொன்னால் இதுவரை தின்ற அப்பத்தையெல்லாம் சந்தேகப்படுவார்களோ என்று தயங்கினேன். இப்படித்தான் ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்த வரிசையில் அடுத்த வாக்கியம் 'நான் சொல்லித்தான் மைனி இப்படிச் செய்தாள்' என்பது. என் மாணவிகளின் தாய்மார் முன்னால் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஈஸ்ட் கேடாயிருக்கும் மாமி" என்றேன்.

"ஈஸ்ட் கேடானா கள்ளு மணக்குமா டீச்சர்?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும்.

மைனி இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு பெட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சாய்த்து மாவைச் சாக்கடையில் ஊற்றினாள். வாடகைப் பெட்டி என்பதால் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அதைச் செய்து முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. கால் மணி நேரமும் நான் அங்கேதான் நின்றேன்.

இசக்கிமுத்து போன் செய்து ஹோட்டலிலிருந்து பரோட்டா வரவழைத்தார். வீடியோக்காரர் சரியாக ஐந்து மணிக்கு வந்தார். மணப்பெண்ணுக்கு முதல் வாய் யார் வைப்பது என்று கேள்வி வந்தது. மாவு கலந்த பெண் இல்லை. நபீசா மாமி சுற்றிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீ வை. உங்கிட்ட படிச்ச புள்ளைதானே" என்றார்.

வைத்தேன். ஸ்டூவில் நனைத்த ஒரு துண்டுப் பரோட்டா. அந்த வீடியோவை அஃப்னா எனக்கு அனுப்பினாள். அதில் நான் சிரிக்கிறேன்.

ஒரு விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. மைனி மாவைக் கொட்டுவதற்கு முன், பழக்க தோஷத்தில், ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். மறுநாள் காலை, நிக்காஹுக்குப் போவதற்கு முன், பள்ளி லேபைத் திறந்து அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். உயிருள்ள ஈஸ்ட்டையும் செத்த ஈஸ்ட்டையும் வெறும் கண்ணாடியில் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி உருண்டையாகக் கிடக்கும். மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு விட வேண்டும். உயிருள்ள செல் சாயத்தின் நிறத்தை அழித்துவிடும். செத்த செல்லால் அது முடியாது, நீலமாகவே நின்றுவிடும். நூறு எண்ணினேன். எண்பத்தொன்று நீலம். தேதி போட்டு நோட்டில் எழுதினேன். மைனி ஒரு குற்றமும் செய்யவில்லை என்பதற்கான சாட்சி அந்தப் பக்கம். நோட்டை மூடி மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

அதற்குப் பிறகு மைனியை யாரும் மாவு கலக்கக் கூப்பிடவில்லை. யாரும் அவளிடம் சண்டை போடவும் இல்லை. அடுத்த மைலாஞ்சிக்குத் தேதி குறித்தார்கள், மைனியிடம் வந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். கடையில் இரண்டு பெண்கள் பேசும்போது 'அந்தப் பாலக்காட்டுக்காரி' என்பது மறுபடி என் காதில் விழுந்தது. மைனி என்னிடம் எப்போதும் போலப் பேசினாள். மீன் வாங்கினால் எனக்கும் சேர்த்துக் கழுவி வைத்தாள். அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன்.

எட்டு மாதம் கழித்து அவர்கள் இடப்பள்ளியில் ஒரு பிளாட்டுக்கு மாறினார்கள். அண்ணனுக்கு அங்கே மாலில் ஒரு துணிக்கடையில் மேனேஜர் வேலை. ஆனால் அந்த வேலைக்கு அவன் அதற்கு முன் நான்கு வருடம் மட்டாஞ்சேரியிலிருந்து தினமும் போய்வந்துகொண்டுதான் இருந்தான்.

போன மாதம் அஃப்னாவுக்குக் குழந்தை பிறந்தது. பார்க்கப் போயிருந்தேன். நபீசா மாமி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நாப்பதாம் நாளுக்கு அப்பம் போடணும். இப்ப நல்லா மாவு கலக்க ஆளில்ல டீச்சர். பௌசியா கை நல்ல கைதான். அன்னைக்கு எந்த ஷைத்தான் தோணவெச்சுச்சோ, கொண்டுபோய்க் கள்ளை ஊத்திட்டா."

இரண்டு வருடமாக மாமி அதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தார். அவருக்கு அது முடிந்துபோன விஷயம். சாயா ஆறுவதற்குள் நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாக்கெட், பெட்டி, கொக்கி, நாற்பத்தொன்று, நோட்டில் இருந்த எண்பத்தொன்று.

மாமி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்ப அவ ஒண்ணும் ஊத்தலை" என்றார்.

"இல்லை மாமி."

"இதை நீ அன்னைக்கே சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே. நீ டீச்சரில்ல?" கொஞ்ச நேரம் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "சரி. நான் தப்பாப் பேசிட்டேன். அவளை வரச் சொல்லு. நாப்பதுக்கு அவதான் கலக்கணும். நான் கூப்பிட்டேன்னு சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு இடப்பள்ளி போனேன். ஏழாவது மாடி. அண்ணன் கடைக்குப் போயிருந்தான், மாலில் ஞாயிறுதான் கூட்டம். மைனி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து முதலிலிருந்து தொடங்கினேன். எழுப்பும் சூடு, வளரும் சூடு, வேலை செய்யும் சூடு, ரப்பர் மூடி. நோட்டை விரித்துக் காட்டினேன். நடுவில் ஒரு வட்டம் வரைந்து ஈஸ்ட் மொட்டு விடுவதையும் காட்டினேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப அந்தப் பாக்கெட்ல இருந்த நாற்பது?" என்றாள்.

"அது எழுப்புறதுக்கு உள்ளது மைனி. வளர்றதுக்கு முப்பது போதும்."

"அதைத்தானே என் கை சொல்லுச்சு."

"ஆமா."

அவள் ஒரு சட்டையின் கையை நீவி மடித்தாள். "பெட்டியாலதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் ஆரிஃபா. உன்னை மாதிரி கணக்கெல்லாம் தெரியாது. ஆனா பன்னெண்டு வருஷம் செஞ்சதுல அன்னைக்கு மாறுனது அது ஒண்ணுதான."

"பின்னெ ஏன் மைனி நீங்க சொல்லலை?"

"நான் சொன்னா என்ன ஆகும்? தப்பிக்கிறதுக்கு நாத்தனாரைக் காட்டிக் கொடுக்கிறான்னுதான் சொல்லுவாங்க. நீ சொன்னா அது பாடம். நீதான் எல்லாத்தையும் சொல்லுவியே. தேங்காய் ஏன் மிதக்குதுன்னு கேட்டா அரை மணிக்கூர் சொல்லுவே. இதையும் சொல்லுவேன்னு நெனச்சேன்." துணியை அடுக்கின் மேல் வைத்தாள். "'நான்தான்'னு ஒரு வாக்கு போதுமாயிருந்துச்சு. இப்ப ஒண்ணரை மணிக்கூர் பேசுறே."

நான் நோட்டை மூடினேன். நபீசா மாமி கூப்பிட்டதைச் சொன்னேன். தப்பாகப் பேசிவிட்டேன் என்று மாமி சொன்னதையும் சொன்னேன்.

"சலாம் சொன்னேன்னு சொல்லு. குழந்தைக்கு துஆ செய்றேன்னு சொல்லு" என்றாள்.

"வர மாட்டீங்களா?"

"நான் மாவு கலக்கிறதை விட்டுட்டேன். ரெண்டு வருஷமாச்சு. இப்பப் போய்க் கையை விட்டா, ஒருத்தி பின்னால நின்னு மோந்து பார்ப்பாளோன்னு தோணும். அது போகாது." அவள் குரலில் கோபம் இல்லை. மழையில் மாவு தாமதமாகும் என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு எழுந்தாள். "இரு, சாப்பிட்டுப் போ. அப்பம் சுடுறேன்."

ஃப்ரிட்ஜைத் திறந்து மாலில் விற்கும் மாவுப் பாக்கெட்டை எடுத்தாள். கத்தரியால் மூலையை வெட்டிச் சட்டியில் பிழிந்தாள். ஃப்ரிட்ஜின் நான்கு டிகிரியில் ஈஸ்ட் சாகாது, ஏறக்குறைய நின்றுபோகும். இதை நான் சொல்லவில்லை. அப்பம் நன்றாகவே வந்தது. நடுவில் பஞ்சு, ஓரத்தில் வலை. யார் செய்தாலும் அப்படி வருகிற மாதிரி ஒரு கம்பெனியில் யாரோ சூட்டையும் சர்க்கரையையும் சரியாக அளந்து போட்டிருக்கிறார்கள்.

"நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு மைனி."

"பாக்கெட் மாவு" என்றாள்.

மூன்று அப்பம் சாப்பிட்டேன். நான்காவதை எடுத்து என் தட்டில் வைத்த பிறகு, மைனி அடுப்புப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். மணிக்கட்டின் உள்பக்கம் மேலே பார்த்துத் திரும்பியிருந்தது. ஸலவாத்துக்கு அவள் உதடு அசைகிறதா என்று நான் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, மீதி இருந்த பாக்கெட்டின் வாயை மடித்து, ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள்.